மாமாவுக்கு எந்த நாடு நல்லது?

ஏப்ரல் 6

அன்புள்ள தம்பி,

நலமா என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்குவது வழக்கம். இந்த வருஷம் அந்த வரியை எழுதப் பேனா தயங்குகிறது. நீ தும்மாமல் இருக்கிறாய் என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நாம் போட்ட சத்தத்துக்கு அக்காவும் தங்கையும் சேர்ந்து தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். போன் அவர்களுக்கு, தபால் நமக்கு. "சகலைங்க ரெண்டு பேரும் எழுதியே சண்டை போடுங்க. கை வலிச்சா தானா நிறுத்துவீங்க" என்கிறாள் என் வீட்டம்மா. தபால் போய்ச் சேர இப்போது ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறதாம். பரவாயில்லை, ஆற அமரச் சண்டை போடலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். மாமாவை அனுப்ப மாட்டேன். நம் மாமனார் இந்த மாதம் தன் சின்ன மகளைப் பார்க்க உன் வீட்டுக்கு வருவதாக டிக்கெட் எடுத்தது உண்மை. விமானம் ரத்தானதும் உண்மை. அதற்காக, விமானம் விட்ட முதல் நாளே அவரை ஏற்றிவிட வேண்டும் என்று நீ பிடிவாதம் பிடிப்பது எந்த ஊர் நியாயம்? உன் நாட்டில் ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ் வரிசை கட்டி நிற்பதை டிவியில் தினமும் காட்டுகிறார்கள். இங்கே ஏதோ அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கிறது, அவ்வளவுதான். எங்கள் ஆட்கள் வெயிலில் காய்ந்த உடம்புக்காரர்கள், சொன்ன பேச்சைக் கேட்கிறவர்கள். பத்திரமாக இருக்கிற மனிதரை எதற்கு நெருப்புக்குள் தள்ள வேண்டும்?

மாமா என் பேக்கரியில் புது உத்தியோகம் பார்க்கிறார். ரொட்டி வாங்க வருகிறவர்களை இடைவெளி விட்டு நிற்க வைப்பது அவர் பொறுப்பு. ஆயுசு முழுக்க பஸ்ஸில் கண்டக்டராக இருந்து "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எவ்வளவு எடம் கெடக்கு" என்று கத்தின தொண்டை அது. இப்போது "தள்ளி நில்லுங்க, ஏன் ஒருத்தர் மேல ஒருத்தர் விழுறீங்க" என்று கத்துகிறது. முதல் நாள் பழக்க தோஷத்தில் "உள்ள போங்க" என்று சொல்லிவிட்டார். பாதித் தெரு கடைக்குள் வந்துவிட்டது.

அன்புடன்,
அண்ணன்


மே 19

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் மூன்று நாள் முன்பே வந்துவிட்டது. இரண்டு நாள் பால்கனியில் வெயில் காட்டிவிட்டு இன்றுதான் பிரித்தேன். சிரிக்காதீர்கள். நான் கவனமாக இருக்கிறவன்.

நீங்கள் உடம்பு, ஒழுக்கம் என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். நான் லிப்ட் மெக்கானிக். ஒரு லிப்ட் நின்றுவிட்டால் அதன் குணம் சரியில்லை என்று நான் சொல்ல முடியாது. எங்கே, எதனால் என்று பார்க்க வேண்டும். பார்த்தேன், சொல்கிறேன்.

நான் பழுது பார்க்கிற கட்டடங்களில் லிப்ட் கதவு திறந்தால் வெளியே வருகிறவர்களில் பாதிப் பேர் கையில் ஊன்றுகோல். உங்கள் தெருவில் பாதிப் பேர் தோளில் புத்தகப்பை. இந்த நோய் வயதானவர்களைத்தான் தேடிப் பிடித்து அடிக்கிறது. உங்கள் நாட்டில் பிள்ளைகள் அதிகம், எங்கள் நாட்டில் கிழவர்கள் அதிகம். இதில் பீற்றிக்கொள்ள உங்களுக்கு என்ன இருக்கிறது? அடுத்தது, உங்கள் ஊருக்கு வெளிநாட்டு விமானம் வருவதே அபூர்வம். எங்கள் ஊரில் தலைக்கு மேல் ஓயாமல் இரைச்சல். நோய் இங்கே முதலில் இறங்கியது. அங்கே இன்னும் வழியில் இருக்கிறது. மூன்றாவது, பரிசோதனை செய்தால்தானே எண்ணிக்கை வரும்? தேடாதவருக்கு எதுவும் கிடைக்காது.

எங்கள் பக்கத்துத் தப்பையும் சொல்கிறேன். நான் போகிற முதியோர் இல்லம் ஒன்றில் ஒரே நர்ஸ் காலையில் அங்கே, மதியம் வேறு இல்லம், மாலையில் இன்னொன்று என்று மூன்று இடத்தில் வேலை பார்க்கிறார். ஒரு இடத்துச் சம்பளம் கட்டுப்படியாகவில்லை. அவரே அறியாமல் நோயை மூன்று இடத்துக்கும் சுமந்து போயிருக்கிறார். நான்காவது மாடியில் எனக்கு எப்போதும் மிட்டாய் தருகிற ஒரு அம்மா இருந்தார். இப்போது இல்லை.

ஆனால் எங்கள் வீடு அப்படியில்லை. ஜன்னல் இடுக்கு, கதவு இடுக்கு எல்லாவற்றையும் டேப் ஒட்டி அடைத்துவிட்டேன். கொசு கூட என்னைக் கேட்டுத்தான் உள்ளே வர வேண்டும். மாமாவுக்கு இதைவிடப் பத்திரமான இடம் கிடையாது. உங்கள் கொழுந்தியாள் அவள் அப்பாவைப் பார்த்து நான்கு வருஷம் ஆகிறது. அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி


ஜூன் 30

மதிப்பிற்குரிய லிப்ட் பொறியாளர் அவர்களுக்கு,

கோபத்தில் இருப்பதால் இந்தக் கடிதத்தில் உங்களை "நீங்கள்" என்றுதான் எழுதப் போகிறேன்.

நாங்கள் எண்ணுவதில்லை என்கிறீர்கள். மயானத்துக்குப் போகிற சாலை என் கடை வாசல் வழியாகத்தான் போகிறது. செத்தவரை யாரும் பையில் மறைத்து எடுத்துப் போக முடியாது. வழக்கத்தைவிட அதிகமாக ஒருவரும் போகவில்லை. இதற்கு எந்தப் பரிசோதனை வேண்டும் உங்களுக்கு?

வயது விஷயத்தை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். அதுவும் நீங்கள் சொன்னதற்காக இல்லை. மாமாவும் நானும் ஒரு காலை முழுக்க வரிசையில் நின்றவர்களைப் பார்த்தோம். நரைத்த தலை மாமாவுடையது, மருந்துக் கடைக்காரருடையது, அப்புறம் என்னுடையது. என்னுடையதைச் சேர்க்கக் கூடாது என்று நான் சொன்னேன். மாமா சேர்த்தே தீருவேன் என்றார். மற்றவர்கள் எல்லாம் இளவட்டம், குழந்தை குட்டி.

விமானம் பற்றியும் யோசித்தேன். "சின்ன மாப்ள சொல்றதுல ஞாயம் இருக்கு. டெப்போவுல ஒரு பஸ்ஸு லேட்டுன்னா அது வராதுன்னு அர்த்தம் இல்ல" என்கிறார் மாமா. அவர் யார் பக்கம் என்றே எனக்குப் புரியவில்லை. என் சோற்றைத் தின்றுகொண்டு உங்களுக்கு வக்காலத்து வாங்குகிறார்.

ஆனால் பாருங்கள், நாங்கள் ஒன்றும் டேப் ஒட்டவில்லை. கடைக்கு முன் கதவு, பின் கதவு இரண்டும் சாத்துவதே இல்லை. அடுப்புச் சூட்டில் சாத்தினால் நாங்களே வெந்துவிடுவோம். முகக்கவசம் தாடையில் தொங்குகிறது. கூட்டத்துக்கும் குறைவில்லை. ஒருவருக்குக் கூடத் தலைவலி வரவில்லை. இதற்கு உங்கள் இயந்திர சாஸ்திரத்தில் என்ன பதில்? எங்கள் உடம்பு அப்படி என்பதுதான் என் பதில்.

மாமா இங்கேதான் இருப்பார்.

இப்படிக்கு, உங்கள் மரியாதைக்குரிய சகலை


ஆகஸ்ட் 10

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைப் படுக்கையில் படுத்தபடி படித்தேன். அக்கா மூலம் உங்களுக்கு விஷயம் தெரிந்திருக்கும். நீங்கள் அதைக் கேட்டுச் சிரித்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

டேப் ஒட்டிய வீட்டில் மூன்று பேருக்கும் வந்துவிட்டது. எனக்கு முதலில், மறுநாள் மகளுக்கு, அதற்கு மறுநாள் உங்கள் கொழுந்தியாளுக்கு, நம் சின்னவளுக்கு. டாக்டர் போனில் கேட்டார்: "வீட்ல எத்தனை ஜன்னல் தொறந்திருக்கு?" நான் பெருமையாகச் சொன்னேன்: "ஒண்ணு கூட இல்ல டாக்டர். காத்து உள்ள வராது." "அப்போ வெளியவும் போகாதுல்ல?" என்றார் அவர். அன்று முழுக்கக் காய்ச்சலோடு டேப்பை உரித்தேன். ஒட்டியதைவிட உரிப்பது கஷ்டம். சின்னவள் உதவிக்கு வரவில்லை. படுத்தபடியே சிரித்துக்கொண்டிருந்தாள். இருமல் வரும் வரைக்கும் சிரித்தாள்.

இது அநியாயம் அண்ணா. கடிதத்துக்குக்கூட வெயில் காட்டிய எனக்கு வருகிறது. தாடையில் கவசம் தொங்கவிட்ட உங்களுக்கு வரவில்லை. படுத்துக்கொண்டு யோசித்ததில் எனக்கு விடை கிடைத்துவிட்டது. உங்களைக் காப்பாற்றியது உங்கள் உடம்பு இல்லை, உங்கள் அடுப்பு. அந்தச் சூட்டுக்காகத் திறந்து வைத்த இரண்டு கதவு. நீங்கள் எதையும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. அந்தப் பெருமையை அடுப்புக்குக் கொடுத்துவிடுங்கள்.

இன்னொரு விஷயம். இருமலாக இருக்கிறது என்று சொன்ன அன்றே கம்பெனியில் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். முழுச் சம்பளமும் வந்தது. நான் போயிருந்தால் அந்த முதியோர் இல்லத்து லிப்ட்டில்தான் அன்று எனக்கு வேலை. அதனால் ஒன்று கேட்கிறேன், சண்டைக்காக இல்லை. உங்கள் அடுப்பு பார்க்கிற மாஸ்டருக்குக் காய்ச்சல் வந்தால் அவர் உங்களிடம் சொல்வாரா? சொன்னால் அன்றைய கூலி அவருக்கு உண்டா?

தம்பி


செப்டம்பர் 22

தம்பி,

உன் கடிதம் நேற்று வந்தது. கடையைப் பூட்டி ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. பூட்டிய கதவின் இடுக்கில் தபால்காரர் செருகிவிட்டுப் போயிருந்தார்.

நீ கேட்டதற்குப் பதில்: மாஸ்டர் சொல்லவில்லை. கூலி கிடையாது என்பதால் சொல்லவில்லை. வராத நாளுக்குக் காசில்லை என்பது நான் போட்ட விதிதான். மாத்திரை போட்டுக்கொண்டு நாலு நாள் அடுப்பு முன்னால் நின்றிருக்கிறார். அடுப்புச் சூடு என்று நினைத்து நான் அவருக்கு விசிறி வேறு கொடுத்தேன். அவருக்குச் சரியாகிவிட்டது. மாமாவும் அவரும் மதியம் உட்கார்ந்து சாப்பிடுகிற சரக்கு அறைக்கு ஜன்னல் கிடையாது.

மாமாவுக்குக் காய்ச்சல். மாடி அறையில் இருக்கிறார். ஜன்னல் நான்கையும் திறந்து வைத்திருக்கிறேன், உன் புண்ணியம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். உள்ளே இடமில்லை. வந்தவர்களை வாசலில் காரிலேயே படுக்க வைத்திருக்கிறார்கள். மொத்த ஊருக்கும் மூச்சுக் கருவி இருக்கிற ஆஸ்பத்திரி அது ஒன்றுதான். இத்தனை நாளும் அது எனக்குத் தெரியும். தேவைப்படாததால் உறைக்கவில்லை. உன் நாட்டில் கூட்டம் வந்தபோது தாங்க இடமாவது இருந்தது. எங்களுக்குக் கூட்டம் வராமல் இருந்தது, அவ்வளவுதான். நமக்கு முட்டை கொண்டுவந்து போடுவாரே, அவர் போய்விட்டார். மயானத்துச் சாலையைப் பற்றி உனக்கு எழுதினதை நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

மாமா பேசாமல் படுத்திருக்கிறார். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அவர் வாய் சும்மா இருந்து நான் பார்த்ததே இல்லை. நான் படிக்கட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அவர் மூச்சுச் சத்தம் இங்கே கேட்கிறது.

அண்ணன்


நவம்பர் 4

அன்புள்ள அண்ணா,

உங்கள் கடிதம் என் கைக்கு வந்தபோது மாமா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து உங்களைத் திட்டிக்கொண்டிருப்பதாக அக்கா போனில் சொல்லி வெகு நாளாகிவிட்டது. இருந்தும் மூன்று தடவை படித்தேன். முடிவு தெரிந்த கதையை எதற்குத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. சின்னவள் என் கையிலிருந்து வாங்கிப் படித்துவிட்டு, "அத்தான் படிக்கட்டுலயே உக்காந்திருந்தாராங்க?" என்று கேட்டாள்.

காய்ச்சல் என்றால் கூலியோடு லீவு என்று நீங்கள் கடையில் எழுதி ஒட்டியிருக்கிறீர்களாம். மறுநாளே மூன்று பேருக்குக் காய்ச்சல் வந்ததாம், அதில் இரண்டு பேருடைய காய்ச்சல் சினிமா தியேட்டர் மூடியிருந்ததால் மதியமே குணமாகிவிட்டதாம். அக்கா சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். நிறுத்திவிடாதீர்கள் அண்ணா. அந்த மூன்றாவது ஆளுக்காகவாவது அது இருக்க வேண்டும்.

எங்கள் நாட்டில் இப்போது குறைவு, படுக்கைகள் காலி, உடனே அனுப்புங்கள் என்று ஒரு கடிதம் எழுதினேன். எழுதிக் கிழித்துவிட்டேன். ஏனென்றால் அது உண்மை இல்லை. குளிர் வந்துவிட்டது. எல்லோரும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிட்டார்கள். எண்ணிக்கை மறுபடி ஏறுகிறது. வசந்தத்தில் நீங்கள் உசத்தி, செப்டம்பரில் நான் உசத்தி, இப்போது இரண்டு பேரும் கவிழ்ந்து கிடக்கிறோம். எந்த நாடு நல்லது என்று நாம் எழுதிய கடிதம் எதுவும் போய்ச் சேருகிற வரைக்கும் உண்மையாக இருக்கவில்லை.

அதனால் நாட்டைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. மாமாவுக்குக் காய்ச்சலாக இருந்த நாட்களில் சின்னவள் போனைக் கையிலேயே வைத்திருந்தாள். குளிக்கும்போதுகூடப் பிளாஸ்டிக் பையில் போட்டு உள்ளே எடுத்துப் போனாள். அவளுக்கு அப்பாவைப் பார்க்க வேண்டும். எனக்கும் அவரைப் பார்க்க வேண்டும். இது வாதம் இல்லை, கெஞ்சல்.

தம்பி


பிப்ரவரி 3

அன்புள்ள தம்பி,

உன் கெஞ்சலுக்குப் பதில் எழுத எனக்கு இவ்வளவு நாள் ஆகிவிட்டது. தபால் மேல் பழி போட மாட்டேன்.

உங்கள் நாட்டில் தடுப்பூசி போட ஆரம்பித்துவிட்டார்கள், வயதானவர்களுக்கு முதலில் என்று சின்னவள் சொன்னாள். இங்கே எப்போது வரும் என்று கேட்டால் சுகாதார ஆபீசில் இருக்கிறவர் மேலே கை காட்டுகிறார். அவர் மேலதிகாரியைக் காட்டுகிறாரா, கடவுளைக் காட்டுகிறாரா என்று தெரியவில்லை. காசுள்ள நாடுகள் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டன. மிஞ்சினால் எங்களுக்கு. என் உடம்பு, என் ஒழுக்கம், என் அடுப்பு எதுவும் இதற்கு உதவாது. இன்னொரு தடவை அந்தப் படிக்கட்டில் உட்கார எனக்குத் தெம்பில்லை.

மாமாவிடம் போய் இதையெல்லாம் விளக்கமாகச் சொன்னேன். வயது, ஜன்னல், படுக்கை, ஊசி என்று எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒரு வருஷமா ரெண்டு மாப்ளைங்களும் எந்த நாட்டுல கொறச்சல், எந்த நாட்டுல கூடன்னு எழுதுறீங்க. எங்க போறீங்கன்னு என்னைய யாராவது கேட்டீங்களா? டிக்கெட் குடுக்கிறதுக்கு முன்னாடி அதத்தான் மொதல்ல கேக்கணும்" என்றார்.

"எங்க போறீங்க மாமா?"

"சின்னவ வீட்டுக்கு. எறங்குற எடத்த அப்புறம் சொல்றேன்."

அவ்வளவுதான். முடிந்தது பஞ்சாயத்து. அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி விமானம். பெட்டியைக் கட்டச் சொன்னால் ஒரு சட்டை வைத்துவிட்டு மூன்று சட்டை வெளியே எடுக்கிறார். தினமும் இதே வேலை.

தம்பி, ஒரு விஷயம் சொல்கிறேன், என் வீட்டம்மாவிடம் சொல்லாதே. வெயில், ஒழுக்கம், எண்ணிக்கை என்று நான் அடுக்கியது எல்லாம் அவரை அனுப்பாமல் இருப்பதற்காகத்தான். எண்ணிக்கை தலைகீழாக இருந்திருந்தால் அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்திருப்பேன். என் அப்பா நான் சின்னப் பையனாக இருக்கும்போதே போய்விட்டார். காலையில் கடை திறந்ததும் ஒருவர் வந்து "மாவு இன்னும் கொஞ்சம் ஊறணும் மாப்ள" என்று ஒன்றும் தெரியாமல் யோசனை சொல்வது எனக்குப் பிடித்திருக்கிறது. மாவு ஊறுவதைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. அது எனக்கு ஒரு பொருட்டே இல்லை.

பத்திரமாகப் பார்த்துக்கொள். இரவில் முதுகுப் பக்கம் ஒரு தலையணை வேண்டும் அவருக்கு. ஜன்னலைத் திற.

அண்ணன்


ஏப்ரல் 15

அன்புள்ள அண்ணா,

மாமா வந்து சேர்ந்த செய்தி போனில் போயிருக்கும். போனில் போகாததை எழுதுகிறேன்.

முதலில் விமான நிலையத்தின் பக்கத்தில் ஒரு ஓட்டலில் தனியாக வைத்தார்கள். மூன்றாவது மாடி. சின்னவள் தினமும் வேலை முடிந்து போய் எதிர் நடைபாதையில் நின்று மேலே பார்ப்பாள். அவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கையை ஆட்டுவார். அந்த ஜன்னல் திறக்காது. அதற்காக அவர் ஓட்டல் மானேஜரிடம் காற்றோட்டத்தைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்திருக்கிறார், நம் மொழியில். மானேஜர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாராம்.

வெளியே விட்ட அன்று சின்னவள் ஓடிப் போகவில்லை. நான் ஓடுவாள் என்று நினைத்தேன். மெதுவாக நடந்து போய் அவர் சட்டைக் காலரைச் சரி செய்தாள். "எளச்சுட்டீங்கப்பா" என்றாள். அவர், "நீ குண்டாயிட்ட, கணக்கு சரியாப் போச்சு" என்றார். அப்புறம்தான் இருவரும் அழுதார்கள். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கார்ப் பக்கம் போய்விட்டேன்.

முதல் ஊசி போட்டாகிவிட்டது. போட்டுவிட்ட பெண்ணிடம், "எங்க ஊர்ல எங்க பெரிய மாப்ளைக்கும் ஒண்ணு போடணும், பார்சல் கட்டுவீங்களா" என்று என்னை மொழிபெயர்க்கச் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். அந்தப் பெண் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரே நோய், ஒரே ஊசி, நடுவில் ஒரு விமானப் பயணம். இந்த மருந்து உங்களுக்கு வருவதற்குள் இன்னும் எத்தனை முட்டைக்காரர்கள் போவார்களோ. இங்கே எங்கள் தெரு ஆட்கள் சேர்ந்து, மற்ற நாடுகளுக்கும் கொடுங்கள் என்று ஒரு மனுவில் கையெழுத்து வாங்குகிறார்கள். மாமாவும் போட்டார். பெரிய கையெழுத்து.

வீட்டில் எல்லா ஜன்னலும் திறந்திருக்கின்றன. வீட்டுக்குள் கோட்டுப் போட்டுக்கொண்டு சாப்பிடுகிறோம். தலையணையும் வைத்தாகிவிட்டது.

ஒரே ஒரு தொந்தரவு. மாமா என்னைப் "பெரிய மாப்ள" என்றே கூப்பிடுகிறார். முதல் வாரம் திருத்திப் பார்த்தேன். "ஆமா, நீங்க சின்னவருல்ல" என்பார். அடுத்து தண்ணீர் கேட்கும்போது மறுபடியும் நீங்கள்தான். சின்னவள் திருத்தச் சொல்கிறாள். நான் விட்டுவிட்டேன். இப்போது அவர் கூப்பிட்டதும், "இதோ வந்துட்டேன் மாமா" என்று உங்களுக்கும் சேர்த்து எழுந்து போகிறேன்.

தம்பி